டியோரின் புதிய பெண்கள் ஆடை, கைப்பைத் தொகுப்பில் விலைக்கேற்ற வேலைப்பாடு இருக்கிறதா?

பிரான்ஸின் ஆடம்பர ஆடை நிறுவனமான டியோர் 2026 வசந்த-கோடைப் பருவத்துக்காக வெளியிட்ட பெண்கள் ஆடைகளையும் கைப்பைகளையும் படங்களில் பார்த்த ஒருவர், இதில் அப்படி என்ன வேலை இருக்கிறது, நம் ஊர்த் தையல்காரரால் இதைச் செய்துவிட முடியாதா, விலைக்கு இது தகுமா என்று கேட்டிருக்கிறார். ஆடையைப் பொறுத்தவரை அதில் உள்ள வேலை மிகப் பெரியது; கைப்பையில் வேலை சுத்தமாக இருக்கிறது, ஆனால் விலை அந்த வேலையைப் பல மடங்கு தாண்டிப் போய்விட்டது என்பதே என் பதில். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்பதால் தனித்தனியாக எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பெண்ணாகச் சேர்ந்து, பிறகு குவாலிட்டி கன்ட்ரோலராக ஆகி, மொத்தம் 19 ஆண்டுகள் அந்த மேசையருகே நின்றவள். இப்போது சென்னிமலைப் பக்கம் ஆறு மெஷின்களை வைத்துத் துணிப்பைகளும் தாம்பூலப் பைகளும் தைத்துக் கொடுக்கிறேன். நான் சேர்ந்த முதல் வாரத்தில் எங்கள் கட்டிங் மாஸ்டர் ஒரு பீஸை உதறி உள்பக்கத்தை வெளியே திருப்பி, “அம்மிணி, மொதல்ல உள்ளாரப் பாரு” என்று சொன்னார். இன்றுவரை எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் அப்படித்தான் பார்க்கிறேன்.

முதலில் ஆடை. இந்தத் தொகுப்பு பாரிஸின் துயிலரி தோட்டத்தில் 2025 அக்டோபர் 1 அன்று காட்டப்பட்டது. வட அயர்லாந்தைச் சேர்ந்த ஜோனதன் ஆண்டர்சன், ஸ்பெயினின் லோவே நிறுவனத்தில் 2013 முதல் பணியாற்றிவிட்டு டியோருக்கு வந்து உருவாக்கிய முதல் பெண்கள் தொகுப்பு இது. நிறுவனர் கிறிஸ்தியான் டியோருக்குப் பிறகு ஆண்கள் ஆடை, பெண்கள் ஆடை, அளவெடுத்துக் கையால் தைக்கும் உயர் ஆடை ஆகிய மூன்றையும் தனியொருவராகக் கவனிக்கும் முதல் வடிவமைப்பாளரும் அவரே. வெண்மையான மடிப்பு ஆடைகள், பெரிய பெரிய முடிச்சுகள், டெனிம் குட்டைப் பாவாடைகள் என்று பலவும் மேடையில் வந்தன. ஆனால் தொழில் தெரிந்தவர்களின் கண் போய் நின்ற இடம், சுருக்கிக் குட்டையாக்கிய ‘பார் ஜாக்கெட்’ என்ற ஆடைதான்.

பார் ஜாக்கெட் என்பது டியோரின் அடிவேர். 1947 பிப்ரவரி 12 அன்று, மொன்தேன் அவென்யூ 30ஆம் எண் வீட்டில் நடந்த டியோரின் முதல் காட்சியில் அது வந்தது. தந்த நிறப் பட்டில் இடுப்பை இறுக்கி, இடுப்புக்குக் கீழே உள்ளே பஞ்சு வைத்து விரித்து, அதற்கடியில் பல கெஜத் துணி விழும் கறுப்பு மடிப்புப் பாவாடையைச் சேர்த்திருந்தார்கள். போர்க்காலத்தில் துணிக்குக் கட்டுப்பாடு இருந்த ஐரோப்பாவில் அத்தனை துணியை ஒரே பாவாடையில் கொட்டியது சிலருக்கு மகிழ்ச்சியையும் சிலருக்குக் கோபத்தையும் தந்தது. அதே ஆண்டுகளில் நம் ஊரிலும் கன்ட்ரோல் துணிதான். என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, அதற்கு வரிசையில் நின்ற கதையைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நிறுவனத்துக்குப் பணம் போட்டவர் மார்செல் பூசாக் என்ற பருத்தி ஆலை முதலாளி என்பதைச் சொன்னால், கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மீதிக் கதை தானாகவே விளங்கிவிடும். ஒரு பாவாடைக்கு மூன்று பாவாடைத் துணி செலவாகும் மோஸ்தர் பரவினால் ஆலைக்காரருக்கு அது நல்ல செய்திதானே.

இப்போது ஆண்டர்சன் செய்திருப்பது என்னவென்றால், அந்த ஜாக்கெட்டை அப்படியே எடுத்து அளவைக் குறைத்து, ட்வீட் போன்ற தடித்த கம்பளித் துணியில் வெட்டியிருக்கிறார். சிறிதாக்குவது எளிது என்று தோன்றும், அது தவறு. எக்ஸ்எல் சைஸ் பேட்டர்னை எஸ் சைஸுக்கு இறக்கும்போது எல்லா இடத்திலும் ஒரே அளவு குறைப்பதில்லை என்பது திருப்பூரில் பேட்டர்ன் வெட்டுகிற எவருக்கும் தெரியும். இந்த ஜாக்கெட்டில் உடம்பின் அளவு மாறவில்லை, ஆடையின் அளவு மட்டும் மாறியிருக்கிறது. ஆகவே இடுப்பு வளைவு உடம்பின் இடுப்பைவிட மேலே ஏறுகிறது. மார்புக்கு வடிவம் வர மடித்துத் தைக்கும் டார்ட்டின் நீளம் குறைந்து கூர்மையாகிறது. கீழே விரியும் மடல் இடுப்பெலும்பின் மேல் உட்காராமல் காற்றில் நிற்க வேண்டியிருக்கிறது. தடித்த துணியானாலும் தானாக நிற்காது, நெகிழ்ந்து தொங்கும். உள்ளே கேன்வாஸ் என்ற விறைப்பான துணியை வைத்து, சிறு சிறு கைத்தையலால் அதைத் துணியோடு பிடித்து, இஸ்திரிப் பெட்டியின் ஆவியால் வளைவை ஏற்றினால்தான் நிற்கும். இந்த ஜாக்கெட்டை நான் நேரில் தொட்டதில்லை. ஆனால் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, மடல் விரிந்த இடத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாததைக் கண்டேன். அந்த இடத்தில் சுருக்கம் வராமல் தைப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

கட்டம் போட்ட துணியானால் இன்னொரு சோதனை சேர்ந்துகொள்ளும். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐரோப்பிய பையருக்கு நாங்கள் தைத்த கட்டம் போட்ட சட்டைகளில், பக்கத் தையலில் கட்டங்கள் மூன்று மில்லிமீட்டர் விலகியிருந்ததாகச் சொல்லி, பேக்கிங் முடிந்த சரக்கு முழுவதையும் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு அட்டைப்பெட்டிகளைக் கிழித்து, ஒவ்வொரு சட்டையாக எடுத்துப் பக்கத் தையலில் இன்ச் டேப்பை வைத்துப் பார்த்தோம். சில டாலருக்கு விற்ற சட்டைக்கே அந்தக் கணக்கு. முன்பக்கம், கை, காலர், பாக்கெட் மூடி என்று பத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் சேரும் ஜாக்கெட்டில், ஒவ்வொரு மூட்டிலும் கோடு கோட்டோடு சேர வேண்டுமென்றால் வெட்டும்போதே துணியில் கணிசமான பகுதி வீணாகும். அந்த வீணும் விலைக்குள் வருகிறது. அது நியாயமான செலவு என்றே நினைக்கிறேன்.

பருவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்டோபரில் காட்டுவது அடுத்த ஆண்டின் தொடக்கத்தில்தான் கடைக்கு வருகிறது. பிப்ரவரி, மார்ச்சில் காட்டுவது குளிர்காலத்துக்கு. இந்தச் சக்கரம் நமக்குப் புதிதல்ல. மார்கழிப் பனியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஐரோப்பாவின் கோடைக்கான கையில்லாத பனியன்களையும், கோடை வெயிலில் வியர்த்துக்கொண்டே அவர்களுடைய குளிருக்கான ஹூடிகளையும் தைத்த ஊர் திருப்பூர்.

இனி கைப்பை. இந்தத் தொகுப்பில் புதிதாக வந்த பைக்குச் சிகால் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் சில்வண்டு என்று பொருள். 1952இல் டியோர் செய்த அதே பெயருள்ள ஓர் உடையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அதை நான் பார்த்ததில்லை. ஆனால் அதே நிறுவனத்தின் பழைய லேடி டியோர் பையை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கோவையிலிருந்து மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை ஆர்டர் கொடுக்க வந்த அம்மையார், எங்கள் செக்கிங் மேசையில் ஜமக்காளத் துண்டுகளுக்கு நடுவே அதை வைத்தார். பார்க்கலாமா என்று தயங்கிக் கேட்டேன். “அதுக்கென்னங்கக்கா, தாராளமாப் பாருங்க” என்று உள்ளே இருந்த சாமான்களையெல்லாம் எடுத்துவிட்டுக் கொடுத்தார்.

அந்தப் பையின் மேல் குறுக்கும் நெடுக்கும் சாய்வுமாக ஓடும் தையலுக்குக் கனாஜ் என்று பெயர். டியோரின் காட்சிக்கூடத்தில் விருந்தினர் உட்கார்ந்த நாற்காலிகளின் பிரம்புப் பின்னலிலிருந்து வந்த வடிவம் அது. நம் தாத்தாக்களின் சாய்வு நாற்காலியிலும் பழைய தாலுகா அலுவலக நாற்காலிகளிலும் பார்த்த அதே பின்னல்தான். அம்மையாரிடம் சொன்னபோது அவரும் குனிந்து பார்த்து வியந்தார். நான் ஸ்கேலை வைத்து மூன்று இடங்களில் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணினேன். மூன்றிலும் ஒரே எண்ணிக்கை. பக்கவாட்டில் தோல் மடங்கும் இடத்தில் கோடுகள் உடையாமல் மறுபக்கம் தொடர்ந்தன. கைப்பிடியின் ஓரத்தில் சாயம் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசிய அடுக்குகள் விரல் நுனிக்கு ஒரே வழவழப்பாகத் தெரிந்தன. உள் லைனிங்கைத் திருப்பிப் பார்த்தேன். நூல் பிசிர் ஒன்றுகூட இல்லை. எங்கள் மாஸ்டர் இருந்திருந்தால் தலையை ஆட்டியிருப்பார்.

அதே நேரம், அந்தப் பையின் விலை இன்று ஐந்து லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. அந்தத் தோலையும் அந்தத் தையலையும் எத்தனை தாராளமாகக் கணக்குப் போட்டாலும் அந்த எண்ணுக்கு அருகில்கூட என்னால் போக முடியவில்லை. மீதிப் பணம் பெயருக்கும், கடை வாடகைக்கும், விளம்பரத்துக்கும், மேடைக்கும் போகிறது. 1995இல் பிரான்ஸ் அதிபரின் மனைவி பெர்னதெத் சிராக் இளவரசி டயானாவுக்குப் பரிசாகக் கொடுத்த பை இது. மறு ஆண்டு டயானாவைச் சிறப்பிக்கும் விதமாக இதற்கு லேடி டியோர் என்று பெயரிட்டார்கள். அந்த ஒரு கதைக்கே எவ்வளவு விலை என்று யோசித்துப் பாருங்கள். கதைக்குப் பணம் கொடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கட்டும். இன்னொரு பெரிய நிறுவனத்தின் பை, பெயர் வேண்டாம், இரண்டே ஆண்டில் கைப்பிடி ஓரச் சாயம் பாளம் பாளமாக வெடித்து என்னிடம் பழுதுபார்க்க வந்தது. விலையைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது என்பது அன்று எனக்கு உறுதியாயிற்று.

என்னை உண்மையிலேயே வருத்திய செய்தி வேறு. 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம், டியோரின் இத்தாலியத் தயாரிப்புத் துணை நிறுவனம் ஒன்றைத் தன் கண்காணிப்பில் வைத்தது. துணை ஒப்பந்தப் பட்டறைகளில் தொழிலாளர் நடத்தப்பட்ட விதத்தை அந்த நிறுவனம் சரியாகக் கவனிக்கவில்லை என்பது காரணம். கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு பையைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்த பட்டறைக்கு, தோல் முதலிய பொருட்செலவு நீங்கலாக, 53 யூரோ கிடைத்ததாக விசாரணை ஆவணங்களில் வந்தது. அந்தப் பட்டறைகள் ஆண்களுக்கான தோல் பொருட்களில் ஒரு பகுதி வேலையை மட்டுமே செய்தன என்று நிறுவனம் விளக்கம் தந்தது. 2025 தொடக்கத்தில் கண்காணிப்பும் விலக்கப்பட்டது. ஜாப் ஒர்க் என்றால் என்ன என்று திருப்பூரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆர்டர் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போதெல்லாம் பீஸ் ரேட் தேய்வதையும், கடைசியில் மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்குச் சில ரூபாய் மிஞ்சுவதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பத்து யூரோ டி-ஷர்ட்டில் அப்படி நடந்தால், விலையில் இடமில்லை என்றாவது சொல்வார்கள். 2,600 யூரோ பையில் அந்தச் சமாதானத்துக்கு வழியே கிடையாது.

இதே நிறுவனம் 2023 மார்ச் 30 அன்று மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்பு நடத்திய காட்சியில், அந்நாளைய வடிவமைப்பாளர் மரியா கிராசியா கியூரி, மும்பையின் சாணக்கியா எம்பிராய்டரிப் பட்டறையோடு தான் பல ஆண்டுகளாகச் செய்த வேலையை வெளிப்படையாக முன்னே வைத்தார். அவர்கள் செய்த மாபெரும் தோரணம் அந்த வளைவையே நிறைத்திருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. இந்தியக் கைகள் பாரிஸ் ஆடைகளுக்குப் பல பத்தாண்டுகளாக மணி கோத்திருக்கின்றன. அதை ஊரறியச் சொன்னது அந்தக் காட்சி. ஒவ்வொரு பருவத் தொகுப்பிலும் இப்படிச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நம் ஊர்த் தையல்காரரால் முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். பையின் தையல் சுத்தம் முடியும். தோலும் ஓரச் சாயமும் தனிப் பழக்கம், அதற்குக் காலம் வேண்டும். ஜாக்கெட், நல்ல மாஸ்டர் கிடைத்தால் முடியும், ஆனால் ஒரு நாளில் முடியாது. கேட்டவர் ஐந்து லட்சத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கிறார் என்று நான் நினைக்கவில்லை. தொகுப்பின் படங்கள் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் தோள், இடுப்பு, மடல் ஆகிய மூன்று இடங்களை மட்டும் பெரிதாக்கிப் பார்த்து, நல்ல தையல்காரரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

நானே இரண்டு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பட்டும் பருத்தியும் கலந்த கோவைக் கோரா துணியில் அந்தக் குட்டை ஜாக்கெட்டை வெட்டிப் பார்க்கிறேன். 1947இன் ஜாக்கெட்டும் பட்டுதானே என்ற துணிச்சல்தான். கோரா மெல்லியது என்பதால் மடல் நிற்க மறுத்தது. இரண்டாவது சாம்பிளில் உள்ளே கேன்வாஸை இரட்டையாக வைத்துக் கைத்தையல் போட்டதும் நின்றது. கையைத் தூக்கினால் மட்டும் முன்பக்கம் இன்னும் மேலே ஏறுகிறது. மூன்றாவது சாம்பிளில் தோள் மூட்டைக் கால் அங்குலம் முன்னே தள்ளி, அக்குள் வளைவைச் சற்று உயர்த்தி வெட்டியிருக்கிறேன். நாளைக்கு மெஷினில் ஏற்ற வேண்டும்.