பழைய பைக்கில் பாட்டு: ஸ்பீக்கருக்கு முன்னால் மல்டிமீட்டர்

இந்த மாதம் வந்த கேள்விகளில் ஐந்து ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. பழைய டூரிங் பைக்கில் சவுண்ட் சிஸ்டம் போடலாமா, போட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என்னிடம் 2013 மாடல் ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350 இருக்கிறது. 80 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, இன்ஜினில் குறை ஒன்றும் இல்லை. மாதம் ஒரு முறை ஏற்காடு, வால்பாறை என்று கிளம்பிவிடுவேன். பாட்டு கேட்டுக்கொண்டே போக ஆசை. கடையில் நான்கு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், "1000 வாட்ஸ்" ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) எல்லாம் சேர்த்து 18 ஆயிரம் ரூபாய் சொல்கிறார்கள். போடலாமா? – வாசகர், ஈரோடு

பாட்டு போடுங்கள், ஆனால் அந்த செட்டைப் போடாதீர்கள்.

முதலில் அந்த 1000 வாட்ஸ் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் பைக் ஓடும்போது பேட்டரி முனையில் சுமார் 13.5 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். கரண்டை அதிகம் வீணாக்காத நல்ல கிளாஸ் டி ஆம்ப் கூட உள்ளே வாங்கும் கரண்டில் 85 சதவீதத்தைத்தான் ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். அப்படியானால் நிஜமாகவே 1000 வாட்ஸ் வெளியே வர 80 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும், உங்கள் பேட்டரி 14 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர், அதாவது கணக்குக்கு 1 ஆம்பியர் வீதம் 14 மணி நேரம்), பத்து நிமிடம் கூடத் தாங்காது. கடைக்குப் போய் அந்த ஆம்பைக் கையில் வாங்கி, அதனுடன் வரும் ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 10 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது உள்ளே இழுப்பதே அதிகபட்சம் 135 வாட்ஸ், வெளியே வருவது 115-ஐத் தாண்டாது. பெட்டியில் அச்சடித்த எண்ணை விட்டுவிட்டு ஃப்யூஸில் இருக்கும் எண்ணை நம்புங்கள், பத்தில் ஒன்பது முறை அதுவே போதும்.

அடுத்தது உங்கள் பைக்கால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது. இதற்கு 500 ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பேட்டரி முனைகளில் அளங்கள், 12.6 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து ஐடிலில் ஒரு முறை, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்தில் இன்ஜின் எப்படிச் சத்தம் போடுமோ அந்த அளவில் ஒரு முறை அளங்கள். இப்போது ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் மூன்றையும் போட்டுவிட்டு மறுபடியும் பாருங்கள். ஓட்டும் வேகத்தில் 13.5-க்கு மேல் நிற்கிறது என்றால் இன்னும் கொஞ்சம் சுமை ஏற்ற இடம் இருக்கிறது. 13-க்குக் கீழே இறங்கினால் ஸ்டேட்டரையோ (இன்ஜின் சுற்றும்போது கரண்ட் தயாரிக்கும் காயில்) ரெக்டிஃபயர் யூனிட்டையோ (அந்தக் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) முதலில் கவனியுங்கள், பாட்டு அப்புறம். 80 ஆயிரம் ஓடிய வண்டியில் கனெக்டர்கள் பச்சை பூத்திருக்கும், பல நேரம் அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே அரை வோல்ட் திரும்பி வந்துவிடும்.

உங்களுக்கு ஒரு சாதகம் உண்டு. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். உங்களுடையது அதற்கு முந்தைய மாடல், சுவிட்ச் இருக்கிறது. பகலில் அந்த 55 வாட்ஸ், அதாவது சுமார் 4 ஆம்பியர், மிச்சம். இரண்டு ஸ்பீக்கருக்குத் தலா 20 வாட்ஸ் நிஜமாகக் கொடுக்கும் ஆம்ப், முழு வால்யூமில் இழுப்பது சுமார் 3.5 ஆம்பியர்தான். பாட்டு என்பது தொடர்ந்து ஒரே அளவில் ஒலிப்பதில்லை என்பதால் சராசரி அதிலும் பாதிக்குக் கீழேதான் வரும். உங்கள் வண்டிக்கு இதுதான் சரியான அளவு.

"40 வாட்ஸில் என்ன கேட்கும்?" என்று நினைப்பீர்கள். இங்கேதான் பணம் வீணாவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். ஸ்பீக்கர் பெட்டியில் 'சென்சிடிவிட்டி' என்று, கொடுக்கும் வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்று காட்டும் ஒரு டெசிபல் எண் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். 86 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 92 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் ஆம்பை நான்கு மடங்கு பெரிதாக்கியதற்குச் சமம், அதுவும் பேட்டரியிலிருந்து ஒரு ஆம்பியர் கூடக் கேட்காமல். தூரமும் அப்படித்தான். காதுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள இடைவெளி இரண்டு மடங்கானால் திறந்த வெளியில் 6 டெசிபல் குறைந்துவிடும். க்ராஷ் கார்டில் முழங்காலுக்குக் கீழே ஸ்பீக்கரை மாட்டி, அதிலிருந்து வரும் சத்தம் காற்றையும் இன்ஜினையும் தாண்டி ஹெல்மெட்டுக்குள் வர வேண்டும் என்பதற்காக மேலும் மேலும் வாட்ஸ் ஏற்றுவது பாவம். ஹேண்டில்பாரில், வைசருக்குப் (ஹெல்மெட்டினுடையது அல்ல, பைக்கின் முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி) பின்னால், உங்கள் முகவாய்க் கட்டையைப் பார்த்த மாதிரி 3 இன்ச் ஸ்பீக்கர் இரண்டு வையுங்கள். வைசர் இல்லை என்றால் முதலில் வைசர் போடுங்கள், பாட்டுக்கு அதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை.

சப்வூஃபர் வேண்டவே வேண்டாம். காருக்குள் பேஸ் உருளுவதற்குக் காரணம் நான்கு பக்கமும் மூடிய அறை. பைக்கில் அந்த அறை இல்லை, தாழ்ந்த ஒலி எல்லாம் காற்றோடு போய்விடும், சிறிய ஸ்பீக்கர் வீணாக உதறும். ஆம்பில் தாழ்ந்த ஒலியை வெட்டும் 'ஹை பாஸ்' சுவிட்ச் இருந்தால் 100 அல்லது 120 ஹெர்ட்ஸில் வையுங்கள், குரல் தெளிவாகிவிடும்.

காகித கோன் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) வேண்டாம், முதல் மழைக்கே ஊறிவிடும். படகுக்கென்று செய்யும் மரைன் வகை, பிளாஸ்டிக் கோன், ரப்பர் ஓரம், தூசியும் தண்ணீரும் புகாததற்கான ஐபி65 தரம் அல்லது அதற்கு மேல் பாருங்கள். ஹேண்டில்பாரில் அதிக எடை ஏற்றாதீர்கள், வேகத்தில் முன்பக்கம் ஆட ஆரம்பிக்கும். வயரைக் கட்டும்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். இதைச் செய்யாமல் விட்டு, வால்பாறை ஏறும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் வயர் இழுபட்டு அறுந்தால் பாட்டு மட்டும் நிற்காது, ஷார்ட் ஆகி வண்டியும் நிற்கலாம்.

கடைசியாக, மணிக்கு 60, 70 வரைதான் ஸ்பீக்கரின் சுகம். அதற்கு மேல் காற்றின் சத்தமே ஹெல்மெட்டுக்குள் 90 டெசிபலைத் தாண்டிவிடும். அதை ஜெயிக்கப் பாட்டைக் கூட்டினால் போவது உங்கள் காது. 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பதுதான் கணக்கு.

கேள்வி: நானே யூடியூப் பார்த்து ஆம்ப் மாட்டினேன். பாட்டுடன் சேர்ந்து 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம், ஆக்ஸிலரேட்டர் முறுக்கினால் அதுவும் ஏறுகிறது. ஆம்ப் பழுதா? – வாசகி, மதுரை

ஆம்ப் நன்றாகவே இருக்கும். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குவது சார்ஜிங் சிஸ்டத்தின் சத்தம், எர்த் வழியாக உள்ளே வருகிறது. ஆம்பின் நெகட்டிவ் வயரை சேஸிஸில் ஏதோ ஒரு போல்ட்டில் கட்டியிருக்கிறீர்களா? அவிழ்த்து நேராகப் பேட்டரி நெகட்டிவுக்குக் கொண்டுபோங்கள். போனை பைக்கின் யூஎஸ்பியில் சார்ஜ் போட்டுக்கொண்டே ஆக்ஸ் வயரில் பாட்டு கேட்கிறீர்களா என்றும் பாருங்கள். அப்படியானால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது. ஆக்ஸ் வயரைப் பிடுங்கி ப்ளூடூத்தில் கேட்டுப் பாருங்கள், சத்தம் போய்விட்டால் காரணம் அதுதான்.

'டிக் டிக்' என்று வெட்டுகிற மாதிரி கேட்டால் அது வேறு, இக்னிஷன் காயிலுக்கும் பிளக் வயருக்கும் அருகில் உங்கள் சிக்னல் வயர் போகிறது. ஒரு சாண் தள்ளி மறுபக்கம் கொண்டுபோங்கள்.

நீங்களே செய்ததற்கு என் பாராட்டு. ஒன்றே ஒன்று சரிபாருங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஆம்ப் பக்கத்தில் இருக்கும் ஃப்யூஸ் ஆம்பைத்தான் காக்கும். நடுவில் வயர் உரசி பாடியைத் தொட்டால், டேங்குக்கு அடியில் தீப்பிடிப்பதைத் தடுக்க பேட்டரி பக்கத்தில் ஒன்று வேண்டும்.

கேள்வி: சிஸ்டம் போட்டதிலிருந்து ஒரு வாரம் ஓட்டாமல் வைத்தால் செல்ஃப் எடுக்கவில்லை. பெரிய பேட்டரி போட்டால் சரியாகுமா? – வாசகர், நாகர்கோவில்

ஆகாது. பேட்டரி தொட்டி, ஸ்டேட்டர்தான் குழாய். தொட்டியைப் பெரிதாக்கினால் காலியாக இன்னும் இரண்டு நாள் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

உங்கள் ஆம்ப் நேராகப் பேட்டரியில் இருக்கிறது, சாவியை எடுத்த பிறகும் அதன் ப்ளூடூத் விழித்தே இருக்கிறது. 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் கூட ஒரு நாளைக்கு 1.2 ஏ.எச்., 14 ஏ.எச். பேட்டரி ஆறே நாளில் பாதி காலி. நாலு கால் ரிலே (சிறிய கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒன்று வாங்குங்கள், கால்களில் எண் போட்டிருக்கும். 30-இல் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக வரும் பாசிட்டிவ், 87-இல் ஆம்பின் பாசிட்டிவ், 85-இல் எர்த், 86-இல் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒரு வயர். சாவியை எடுத்தால் ஆம்ப் முழுதாகச் செத்துவிடும். ஹார்ன் வயரையோ ஹெட்லைட் வயரையோ கிள்ளி ஆம்புக்கு நேராகக் கரண்ட் எடுத்திருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள், அந்த வயர்கள் அந்தச் சுமைக்காகப் போட்டவை அல்ல. இணைப்புகளைச் சால்டர் வைக்காமல் லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் குழல்) போட்டு நசுக்கி, மேலே சுருங்கும் ஸ்லீவ் போடுவது நல்லது. ஒற்றை சிலிண்டர் அதிர்வில் சால்டர் முடியும் இடத்தில்தான் வயர் முறிகிறது.

கேள்வி: என் மாமா விட்டுச்சென்ற ஹோண்டா கோல்ட் விங் ஜிஎல் 1200 என்னிடம் இருக்கிறது. கேசட் பிளேயர் வேலை செய்யவில்லை. புதிய ஆம்ப், ஸ்பீக்கர் போட எண்ணம். – வாசகர், ஈப்போ, மலேசியா

மாமாவின் வண்டி என்கிறீர்கள், அதனால் வெட்டாமல் துளைக்காமல் செய்யும் வழியையே சொல்கிறேன். முன் ஃபேரிங்கில் (முன்பக்கக் கவசம்) ஸ்பீக்கருக்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. பழைய ஸ்பீக்கரின் ஓரம் உளுத்துப்போயிருக்கும். குழியின் அளவையும் ஆழத்தையும் அளந்து அதே அளவில் மரைன் ஸ்பீக்கர் வாங்குங்கள். சிறிய ப்ளூடூத் ஆம்ப் ஒன்றை உள்ளே மறைத்துவிடலாம். பிளேயரைக் கழற்றி எறியாதீர்கள், இடத்திலேயே இருக்கட்டும்.

ஆனால் அதற்கு முன் ஸ்டேட்டர். 1984 முதல் 1987 வரை வந்த இந்த 1200-இல் ஸ்டேட்டர் இன்ஜினுக்குப் பின்பக்கம் உள்ளே இருக்கிறது, போனால் இன்ஜினையே இறக்க வேண்டும். அதிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்கள் சேரும் கனெக்டரைப் பாருங்கள். கருகியோ உருகியோ இருந்தால் கனெக்டரை வெட்டி எடுத்துவிட்டு வயரோடு வயரை நேராக இணைப்பதுதான் இந்த வண்டி வைத்திருப்பவர்கள் காலம்காலமாகச் செய்யும் வைத்தியம். (மேலே லக் நசுக்குவதே நல்லது என்றேன், இந்த ஒரு இடத்தில் மட்டும் நல்ல சால்டரையும் ஏற்றுக்கொள்வேன். நான்கு சிலிண்டர் இன்ஜின், அதிர்வு மிகக் குறைவு.) பிறகு, இன்ஜினை ஓடவிட்டு அந்த மூன்று வயர்களில் இரண்டிரண்டாக ஏசி வோல்ட் அளங்கள். மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் ஸ்டேட்டர் பிழைத்திருக்கிறது. ஒன்று மட்டும் குறைந்தால் ஆம்ப் வாங்கும் பணத்தை ஸ்டேட்டருக்காக எடுத்து வையுங்கள்.

கேள்வி: பின்னால் உட்கார்ந்து வரும் மனைவிக்கும் பாட்டு கேட்க வேண்டும், போலீஸும் பிடிக்கக் கூடாது. ஸ்பீக்கரா, ஹெல்மெட் ப்ளூடூத்தா? – வாசகர், சேலம்

ஹெல்மெட் ப்ளூடூத். சேனா, கார்டோ போன்றவற்றில் இருவருக்கும் ஒரே பாட்டைப் பகிரலாம், நடுவில் பேசிக்கொள்ளவும் முடியும், பைக்கின் வயரிங்கைத் தொடவே வேண்டாம். வழி சொல்லும் குரல் பாட்டின் நடுவே தெளிவாகக் கேட்கும். ஸ்பீக்கரில் உங்கள் முதுகைத் தாண்டி அவருக்கு ஒன்றும் போகாது, வெறும் இரைச்சல்தான்.

போலீஸ் விஷயத்தில் ஒளிவுமறைவாக எதையும் சொல்லித்தர மாட்டேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவில் ஒலி மாசுக்கு 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தெருவே திரும்பிப் பார்க்கிற அளவில் பாட்டு போட்டுப் போகிறவரை நிறுத்துவது நியாயம்தான். முதுமலை, ஆனைமலை மாதிரிக் காட்டுச் சாலைகளில் ஸ்பீக்கரை முழுக்க அணைத்துவிடுங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். யானை நிற்கும் வளைவில் உங்களுக்கும் அதற்கும் நடுவே ஒரே எச்சரிக்கை, கிளை முறியும் சத்தம்தான்.

ஹெல்மெட் செட்டிலும் வால்யூமைப் பின்னால் வரும் லாரி ஹார்ன் கேட்கும் அளவிலேயே வையுங்கள். மாட்டும்போது ஹெல்மெட்டின் உள் தெர்மாகோலைக் குடைந்து இடம் செய்யாதீர்கள், விழும்போது தலையைக் காப்பது அதுதான். காதுக்கு நேராக ஏற்கெனவே குழி இருக்கும் ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்குங்கள். இருவரும் கடைக்கே போய், போட்டுப் பார்த்து, ஸ்பீக்கர் காதுத் துளைக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். ஒரு விரல் அளவு தள்ளிப்போனாலே சத்தம் பாதியாகக் கேட்கும், குறை செட்டில்தான் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.