சூரியகாந்தியைச் செக்கில் போட்ட ஊர்: அலெக்சேயெவ்கா பற்றிக் கேள்வி பதில்

ரஷ்யாவின் கருமண் வட்டாரமும் அங்கே விளையும் எண்ணெய் வித்துக்களும்தான் எனக்குத் தெரிந்த விஷயம். இந்த முறை அலெக்சேயெவ்கா என்ற சிற்றூரைப் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கே: வரைபடத்தில் தேடினால் ஏகப்பட்ட அலெக்சேயெவ்கா வருகிறது. எது உங்கள் ஊர்?

பெல்கொரோத் மாகாணத்தில், தீஹயா சோஸ்னா ஆற்றங்கரையில் இருப்பது. மக்கள்தொகை 40,000-க்குச் சற்றுக் குறைவு. 1954-இல்தான் நகர அந்தஸ்து கிடைத்தது. அதே ஆண்டு பெல்கொரோத் மாகாணம் உருவானது, அதற்கு முன் இது வொரோனெஷ் பக்கத்து ஊர். ஆகவே பழைய ஆவணங்களில் வொரோனெஷ், பிர்யூச் வட்டம் என்று தேடுங்கள். மாகாணத்தைச் சரிபார்க்காமல் எந்தப் புள்ளிவிவரத்தையும் எடுத்துப் போடாதீர்கள்.

கே: பொகரேவ் என்ற பண்ணையடிமைதான் சூரியகாந்தி எண்ணெயைக் கண்டுபிடித்தார் என்கிறார்களே, கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் ஐயா.

ஊர் 1685 வாக்கில் உருவானது. செர்காஸ்கி இளவரசர்களின் சொத்து. 1743-இல் வர்வாரா செர்காஸ்கயாவை பியோத்ர் ஷெரெமெத்யெவ் மணந்தபோது அந்தக் குடும்பத்துக்குப் போனது. ஷெரெமெத்யெவ்கள் ரஷ்யாவிலேயே மிகப் பெரிய பண்ணையார்கள். அவர்களுடைய நிலங்களில் பெரும்பாலும் ஒப்ரோக் முறை. அதாவது வாரத்தில் இத்தனை நாள் பண்ணை வயலில் வந்து உழைக்க வேண்டும் என்பதில்லை, ஆண்டுக்கு இவ்வளவு பணம் கட்டினால் போதும். பணம் எப்படிச் சம்பாதிக்கிறாய் என்று பண்ணை கேட்காது. அதனால் இந்தக் குடிகள் கைத்தொழிலிலும் வியாபாரத்திலும் இறங்கினார்கள்.

தனிலா பொகரேவ் அப்படி ஒருவர். ஆளிவிதையிலும் சணல் விதையிலும் எண்ணெய் எடுப்பதைப் பார்த்துப் பழகியவர். அந்தக் காலத்தில் சூரியகாந்தி அங்கே தோட்டத்து அழகுச் செடி, விதை கொறிக்க மட்டும். 1829-இல் தன் தோட்டத்து விதையைக் கையால் இயக்கும் செக்கில் போட்டுப் பார்த்தார், நல்ல எண்ணெய் வந்தது. 1833-இல் பபூஷின் என்ற வியாபாரி அவர் உதவியோடு குதிரை இழுக்கும் செக்காலை கட்டினார். அடுத்த ஆண்டே பொகரேவ் சொந்தமாக ஒன்று போட்டார். 1860 வாக்கில் ஊரில் சுமார் 160 செக்காலைகள் ஓடின என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பண்ணையடிமை முறை ஒழிந்தது 1861-இல். அதற்கு முன்பே நடந்தது இவ்வளவும்.

கே: சன்ஃபிளவர் ஆயில் இதயத்துக்கு நல்லதா?

மருத்துவரைக் கேளுங்கள்.

கே: சார், 1716-இலேயே இங்கிலாந்தில் ஆர்தர் பன்யன் என்பவர் சூரியகாந்தி எண்ணெய்க்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். பொகரேவ் கதை சும்மா பெருமைதானே?

காப்புரிமை உண்மை. ஆனால் அது கம்பளித் தொழில், வண்ணம் தீட்டுவோர், தோல் பதனிடுவோருக்கான எண்ணெய் என்று கேட்டு வாங்கியது. சமையலைப் பற்றியது அல்ல.

கே: அதே ஆள்தான் சார். எதற்கானால் என்ன, முதலில் பிழிந்தவர் அவர்தானே?

கே: மேலே கேட்ட அண்ணனுக்கு: அப்படியானால் ரஷ்யாவிலேயே 1779-இல் அறிவியல் அகாதெமி வெளியீட்டில் செய்முறை வந்துவிட்டது. இங்கிலாந்து வரை ஏன் போகிறீர்கள்?

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன், இல்லாவிட்டால் இது முடியாது. 1716-இல் யோசனை இருந்தது, 1779-இல் அச்சிலும் வந்தது. எந்த ஊர் பிழைத்தது? ஒன்றும் இல்லை. அகாதெமியின் கட்டுரை படித்தவர்களின் அலமாரியிலேயே கிடந்தது. ‘கண்டுபிடித்தார்’ என்ற பட்டத்தைப் பொகரேவுக்குக் கொடுக்காவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறையில்லை. அவர் செய்தது வேறு. செக்கு இருந்த ஊரில், பணமாகக் குத்தகை கட்டியாக வேண்டிய குடிகளுக்கு நடுவில், விற்கக்கூடிய ஒரு சரக்கைக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார், தானும் விதைத்தார். விதையை மூட்டையாக விற்றிருந்தால் லாபம் வெளியூர் போயிருக்கும். இங்கே எண்ணெய் ஊரிலேயே இறங்கியது, பிண்ணாக்கு மாட்டுக்குப் போனது, உமி அடுப்பில் எரிந்தது. யார் முதல் என்ற சண்டையைவிட எனக்குச் சுவாரசியம் இந்தக் கணக்குதான்.

கே: நோன்புக் காலத்தில் தேவாலயம் தடை செய்த எண்ணெய்ப் பட்டியலில் சூரியகாந்தி இல்லை, அதனால்தான் பரவியது என்று படித்தேன்.

நானும் எல்லா இடத்திலும் படித்துவிட்டேன். நோன்பில் விலக்கப்பட்டவை இறைச்சி, வெண்ணெய், பால், முட்டை. கடுமையான நாட்களில் எந்தத் தாவர எண்ணெயும் கிடையாது, மற்ற நாட்களில் ஆளி எண்ணெயும் சணல் விதை எண்ணெயும் சூரியகாந்திக்கு முன்பே புழக்கத்தில் இருந்தன. நோன்பு தாவர எண்ணெய்க்குச் சந்தை கொடுத்தது, அவ்வளவுதான். சூரியகாந்திக்கு மட்டும் தனிச் சலுகை ஏதும் இல்லை. அது மற்ற இரண்டையும் ஓரங்கட்டியது ருசியாலும் விளைச்சலாலும்.

கே: அப்படியானால் வருஷா வருஷம் சூரியகாந்தியே போட்டுப் பணக்காரர் ஆகியிருப்பார்களே?

போட்டார்கள், பட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வொரோனெஷ், சரத்தோவ் பக்கத்து வயல்களில் ஓரோபாங்கி பரவியது. சொந்தமாகப் பச்சையம் இல்லாத களை. சூரியகாந்தியின் வேரில் ஒட்டி உறிஞ்சும், விதை தூசி போல இருக்கும், பல ஆண்டுகள் மண்ணிலேயே காத்துக் கிடக்கும். வயல் வயலாக அழிந்தது. பிறகு சரத்தோவில் யெவ்கேனியா பிளாச்செக் என்ற பயிர் விஞ்ஞானி எதிர்ப்புத் திறன் கொண்ட ரகங்களை உருவாக்கினார். களையும் சும்மா இல்லை, அந்த ரகங்களையும் தாக்கும் புது இனங்களாக மாறியது. அந்த ஓட்டப்பந்தயம் இன்றும் நடக்கிறது. ஆகவே இங்கே விவசாயிகள் யாராவது படித்தால்: விலை ஏறியது என்று ஒரே வயலில் அடுத்தடுத்த ஆண்டு சூரியகாந்தி போடாதீர்கள். ரஷ்யப் பாடப்புத்தகங்கள் ஏழு, எட்டு ஆண்டு இடைவெளி கேட்கின்றன.

கே: சூரியகாந்தி எண்ணெயைவிட நல்லெண்ணெய் உடம்புக்கு உத்தமமா?

மேலே பார்க்கவும்.

கே: போர்க்காலத்தில் ஊருக்கு என்ன ஆனது?

1942 ஜூலையில் ஜெர்மனி தரப்பின் கைக்குப் போனது. தோன் ஆற்றுப் போர்முனையில் நின்ற ஹங்கேரியின் 2ஆவது படைக்கு இங்கேதான் தலைமையகம். 1943 ஜனவரியில் ஒஸ்த்ரோகோஷ்ஸ்க்–ரொஸ்ஸோஷ் தாக்குதலில் செம்படை மீட்டது. ராணுவ விவரங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கே: இன்றைக்கு ஊரில் வேலை என்ன?

இப்போதும் எண்ணெய்தான். ரயில் வந்தபின் சிறு செக்குகள் ஒதுங்கி ஆலைகள் வந்தன. இன்று ரஷ்யாவின் பெரிய எண்ணெய், மயோனைஸ் நிறுவனங்களில் ஒன்றான எஃப்கோவின் வேர் இந்த ஊர்தான். ஆனால் அது நேராகச் சூரியகாந்திச் செக்கிலிருந்து வளர்ந்ததல்ல. சோவியத் காலத்து நறுமண எண்ணெய் ஆலையின் வழி வந்தது. அந்த ஆலையின் பயிர் கொத்தமல்லி. ஆம், நம் தனியாவேதான். இலைக்காகவோ குழம்புக்காகவோ அல்ல, விதையைக் காய்ச்சி வாசனை எண்ணெய் எடுக்க. ‘அலெக்சேயெவ்ஸ்கி 190’ என்று ஊர்ப் பெயரிலேயே கொத்தமல்லி ரகம் உண்டு. இன்னொரு அலெக்சேயெவ்காவின் புகைப்படத்தைப் போட்டு இதை எழுதிவிடாதீர்கள், அதையும் பார்த்தாயிற்று.

கே: நம் நாட்டுச் சூரியகாந்திக்கும் அங்கே சம்பந்தம் உண்டா?

இந்த ஊரோடு இல்லை, ரஷ்யாவோடு உண்டு. தெற்கு ரஷ்யாவின் க்ராஸ்னதாரில் வசீலி புஸ்தவோய்த் என்ற பயிர் விஞ்ஞானி விதையின் எண்ணெய் அளவைச் சுமார் 30 சதவீதத்திலிருந்து 50 வரை உயர்த்தினார். 1969-இல் இந்தியாவில் சூரியகாந்திச் சாகுபடி தொடங்கியபோது சோவியத்திலிருந்து வந்த ரகங்களில் அவருடைய ‘பெரெதோவிக்’கும் ஒன்று.

கே: சார், 1716 விஷயத்தில் நீங்கள் இன்னும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை.

சரி, பன்யன்தான் முதல். அடுத்த கேள்வி.

கே: அங்கிருந்து எண்ணெய் இறக்குமதி செய்து விற்க எவ்வளவு முதல் வேண்டும்?

நான் வியாபாரி இல்லை. ஏற்றுமதி இறக்குமதி ஆலோசகர் யாரையாவது பாருங்கள். முன்பணம் மட்டும் அவசரப்பட்டு அனுப்பாதீர்கள்.