கிட்டார் தாங்குகட்டைகள்: எவ்வளவு தடிமன்?
எஃகுக் கம்பி கிட்டாரின் மேற்பலகைக்கு அடியில் ஒட்டும் தாங்குகட்டைகளை எந்த அளவில் செதுக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அகலத்தை விட உயரத்தைத்தான் கவனிக்க வேண்டும். அகலத்தை இரட்டித்தால் விறைப்பும் இரண்டு மடங்குதான். உயரத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு! 16 மி.மீ. உயரக் கட்டையில் 2 மி.மீ. சீவினாலே விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

எக்ஸ் வடிவக் கட்டைகளை 8 மி.மீ. அகலம், குறுக்கிடும் இடத்தில் சுமார் 15 மி.மீ. உயரம் என்று தொடங்குங்கள். அப்புறம் முனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்து இழையுங்கள். நடுநடுவே பலகையைத் தட்டிக் கேளுங்கள். ‘டொக்’ என்று அடங்கியது ‘டங்ங்’ என்று நீள ஆரம்பித்ததும் உளியைக் கீழே வைத்துவிடுங்கள்.

பிரிட்ஜுக்கு (மேற்பலகைமேல் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) அடியிலுள்ள மேப்பிள் மரத் தகட்டை மட்டும் ரொம்ப மெலிதாக்க வேண்டாம், 2.5 மி.மீ. போல இருக்கட்டும். கம்பிகளின் குண்டுமுனைகள் அதைத்தான் அரிக்கும்.