வீட்டு நெல் போக மீதியை விற்போம்: பர்மா விவசாயக் குடும்பங்களின் கேள்விகளுக்குப் பதில்

தட்டோன் பக்கத்திலிருந்து ஒரு தங்கை: ஐயா, ஆறு ஏக்கர் நெல் போடுகிறோம். இருந்தும் ஆடி, ஆவணி வந்தால் அரிசியைக் கடனுக்குத்தான் வாங்குகிறோம். எங்கே தப்பு?

தப்பு வயலில் இல்லையம்மா, களத்தில். அறுத்ததும் கடன்காரருக்கு அளக்கிறோம், கூலி அளக்கிறோம், மிச்சத்தை விலை மலிந்திருக்கும் மார்கழியிலேயே தள்ளிவிடுகிறோம். அடைமழையில் அதே நெல்லை அரிசியாக ஏறின விலைக்கு வாங்குகிறோம். இனி முதல் அளவை வீட்டுக்கு இருக்கட்டும். ஒரு கூடை நெல் 46 ராத்தல், ஏறக்குறைய 21 கிலோ. அரைத்தால் 12, 13 கிலோ அரிசி தேறும். நாளைக்கு அரைக் கிலோ என்றால் ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு 15 கூடை. நான்கு பேருக்கு 60. ஏக்கருக்கு 50 கூடை கண்டாலே உங்களுக்கு 300 வருமே! 60 கூடையும் விதைநெல்லும் பத்தாயத்துக்குப் போன பிறகு வியாபாரியைக் கூப்பிடுங்கள்.

பெகுவிலிருந்து ஒரு தம்பி: நடவுச் செலவுக்குச் சபாபே வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. இன்று கையில் பணம், அறுவடையில் நெல்லாகத் திருப்பு என்பதுதான் சபாபே. பயிர் பச்சையாக நிற்கும்போதே மலிந்த விலைக்கு விற்றுவிடுகிறீர்கள். விவசாய வங்கிக் கடன் கிடைத்தால் அதுதான் முதல் வழி. வேறு வழியே இல்லையென்றால் உரத்துக்கும் உழவுக்கும் மட்டும் வாங்குங்கள். பணமாகவே திருப்புவதாகப் பேசுங்கள்.

தனட்பினிலிருந்து: நெல்லைவிட உளுந்தில் காசு அதிகம். எல்லா நிலத்திலும் அதையே நம்பலாமா?

நெல் அறுத்த ஈரத்திலேயே விளைகிற பயிர், தாராளமாகப் போடுங்கள். ஆனால் மட்பே என்கிற நம் உளுந்தை வாங்குவது பெரும்பாலும் இந்தியாதான். 2017 ஆகஸ்டில் அங்கே இறக்குமதிக்கு அளவு கட்டினார்கள், இங்கே விலை சரிந்தது. அப்போதும் வீட்டில் அரிசி இருந்தவர்களால்தான் உளுந்தை அவசரப்பட்டு விற்காமல் வைத்திருக்க முடிந்தது. இட்லிக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். பிள்ளைகளுக்குச் சோறு மட்டும் போதாது.

உளுந்தில் வண்டு விழுகிறதே?

நன்றாகக் காயவைத்து, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெய் பிசறி, காற்றுப் புகாமல் மூடுங்கள்.

துவாந்தேயிலிருந்து ஓர் அம்மா: விதைநெல்லை மச்சில்தான் வைக்கவேண்டும் என்பார் என் மாமியார். கடையிலேயே விதை கிடைக்கும்போது அது எதற்கு?

உங்கள் மாமியார் சொன்னதைக் கேளுங்கள் அம்மா. 2008 மே 2ஆம் தேதி நர்கிஸ் புயல் வந்தது நடவுக்குச் சற்று முன்னால். கடல்நீர் ஏறிய வயலின் உப்பை மழை கழுவிக்கொண்டு போகும். நனைந்து போன விதைக்கும், செத்துப்போன உழவு மாட்டுக்கும் அந்த மாதத்தில் எங்கே போவது? பாதி விதையை மேட்டுப் பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டிலும் வைத்துவிடுங்கள்.