சேலை அப்புறம், முதலில் நோட்டும் பேனாவும்

தக்கலையிலிருந்து பேசிய அம்மாவுக்கு,

நாகர்கோவிலில் வரும் வியாழக்கிழமை பிள்ளைக்குச் செயலாளர் வேலைக்கான இன்டர்வியூ. "என்ன உடுத்தணும், என்ன கேள்வி கேப்பாங்க" என்று இரண்டு தடவை கேட்டீர்கள். சேலையோ சுடிதாரோ, துவைத்துத் தேய்த்ததாக இருந்தால் போதும். கேள்வி பதிலை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். இந்த வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரு சின்ன வேலையைக் கொடுத்துத்தான் பார்ப்பார்கள்.

அதற்கு வீட்டிலேயே பழகலாம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையை ஒரு நோட்டும் இரண்டு பேனாவுமாக உட்கார வையுங்கள். அவள் அப்பா ஒரு கடிதத்தைச் சொல்லட்டும். பாதியில் நிறுத்தி, "அந்த வரி வேண்டாம், தேதியை மாத்து" என்றும் சொல்லட்டும். மேலதிகாரிகள் அப்படித்தான் சொல்வார்கள். எழுதி முடித்ததும் அவள் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு அதையே அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு டைப் செய்யட்டும். கீழே 'இணைப்பு: 2' என்று எழுதினால் இரண்டு தாளும் கூட இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் பழக்கமும் இப்போதே வரட்டும். தொகை சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். போனில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோலத்தான் காதில் விழும். "ஒன்று ஐந்தா, ஐந்து பூஜ்யமா சார்?" என்று கேட்டு உறுதி செய்கிற பிள்ளையை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

அரசு டைப்பிங் தேர்வில் இங்கிலீஷ் ஹையர் (மேல்நிலை) பாஸ் என்றீர்கள், அது நல்ல பலம். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. ஆனால் பாஸ் செய்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. தினமும் அரை மணி நேரம் அடித்தால் கை பழைய வேகத்துக்குத் திரும்பும். தமிழில் ஒரு சிக்கல் உண்டு. இன்ஸ்டிடியூட் மெஷினில் படித்த எழுத்து வரிசை வேறு, 1999-ல் கம்ப்யூட்டருக்கென்று வந்த தமிழ்99 எழுத்து வரிசை வேறு. எது தெரியும் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லட்டும். கம்ப்யூட்டரில் பழைய வரிசையை வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது, அதை ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

மலையாளம் பேச வரும் என்பதை பயோடேட்டாவில் ஏன் எழுதவில்லை? திருவனந்தபுரத்தோடு தினமும் போன் பேசும் அலுவலகங்கள் நம் மாவட்டத்தில் நிறைய. பேச மட்டும்தான் வரும், எழுத வராது என்றால் அப்படியே எழுதுங்கள்.

இனி, நான் மிகவும் கவலைப்படும் விஷயம். முன்பு ஒரு இன்டர்வியூவில் நானும் உட்கார்ந்திருந்தேன். நன்றாக டைப் செய்த ஒரு பெண்ணிடம் பழைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். அங்கே யாருக்குச் சம்பளம் பாக்கி, முதலாளி வீட்டில் என்ன சண்டை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவளை எடுக்கவில்லை. எனக்கு இன்றும் அது மனவருத்தம். மார்த்தாண்டத்தில் பேசினால் நாகர்கோவிலில் தெரிந்துவிடும் ஊர் நம்முடையது. முதலாளியின் கடிதமும் கணக்கும் செயலாளர் கையில்தான் இருக்கும். அதனால் உங்கள் பிள்ளை ஆறு மாதம் இருந்த கடையைப் பற்றிக் கேட்டால், "அங்கே பில் போடவும் ஸ்டாக் எழுதவும் கற்றுக்கொண்டேன், இப்போது படிப்புக்கேற்ற வேலை தேடுகிறேன்" என்பதோடு நிறுத்தட்டும்.

கல்யாணத்தைப் பற்றியும் கேட்கக்கூடும். அதற்குப் பதில் உங்கள் வீட்டில்தான் தயாராக வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம் என்று நீங்களும் அவள் அப்பாவும் இன்றே அவளிடம் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் அங்கே தடுமாறாமல் சொல்வாள்.

வியாழக்கிழமை வழக்கமாகப் போகும் பஸ்ஸுக்கு இரண்டு பஸ் முன்னால் கிளம்புங்கள். கூடப் போவதென்றால் வாசலோடு நின்றுவிடுங்கள் அம்மா, உள்ளே அவள் தனியாகப் போகட்டும். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் அவள் டைப் செய்த கடிதம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், திருத்தித் தருகிறேன்.