டிபன் ஸ்பூனுக்கு துணி பை: வண்ணாரப்பேட்டை தையல் அக்காகிட்ட கேட்ட கேள்விங்க

சாப்பாட்டு டப்பாவோட எடுத்துட்டுப் போற ஸ்பூன், ஃபோர்க் வெக்கறதுக்கு துணில சுருட்டி வெக்கற பை தைக்கறேன்னு சொன்னதுல இருந்து ஆளாளுக்கு கேள்வி, சரி எல்லாத்துக்கும் ஒரே எடத்துல சொல்லிடறேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிக்கறேன், இது தெனம் துவைக்கற சாமான், ராத்திரி அலசிப் போட்டா காலைல காஞ்சு இருக்கணும். அதுக்கு ஒத்து வராதது எவ்ளோ சோக்கா இருந்தாலும் நான் வேணாம்னுதான் சொல்லுவேன்.

கேள்வி (தண்டையார்பேட்டை): அக்கா, பொண்ணு மூணாவது படிக்கறா, ஒரு ஸ்பூன் ஒரு ஃபோர்க் வெச்சா போதும். அளவு சொல்லுங்க, துணி எவ்ளோ வாங்கறது?

மொதல்ல உங்க வீட்டு ஸ்பூனை டேப் வெச்சு அளந்துக்கோமா, நான் சொல்றது 7 இன்ச் ஸ்பூனுக்கு. வெளித்துணி ஒண்ணு, லைனிங் ஒண்ணு, ரெண்டும் 9 இன்ச் அகலம் 17 இன்ச் நீளம். சுத்தி தையலுக்கு அரை இன்ச் போனா 8க்கு 16 நிக்கும். கீழ இருந்து 5 இன்ச் மேல மடிச்சா அதான் பாக்கெட், மீதி 11 இன்ச் ஒசரம் இருக்கும், ஸ்பூன் நிக்க 7 போக மிச்சம் இருக்கற 4 இன்ச் மேல இருந்து மூடி மாதிரி மடங்கி ஸ்பூன் தலைய மூடிக்கும், தூசி படாது. 44 இன்ச் பன்னா, அதாவது அகலம், இருக்கற துணி அரை மீட்டர் வாங்கினா நாலு பீஸ் வரும், அதாவது லைனிங்கோட சேர்த்து ரெண்டு பை, ஓரத்துல மிஞ்சறதுல நாடாவும் தச்சுக்கலாம். ரெண்டு பையாவே தச்சுடு, ஒண்ணு துவைச்சுப் போட்டா ஒண்ணு ஸ்கூலுக்கு.

கேள்வி (திருவொற்றியூர்): வெட்டி வெச்சுட்டேன் அக்கா, எதை மொதல்ல அடிக்கறதுன்னு புரியல, நாடா எங்க வருது?

இதான் நெறய பேருக்கு குழப்பம், மெதுவா படி. ரெண்டு துணியோட நல்ல பக்கமும் உள்ளாற ஒண்ணை ஒண்ணு பாக்கற மாதிரி வை. 22 இன்ச் நாடாவ பாதியா மடிச்சு, நீள பக்கத்துல கீழ் ஓரத்துல இருந்து 9 இன்ச் தள்ளி ரெண்டு துணிக்கும் நடுவுல சொருகு. மடிப்பு ஓரத்துல தெரியணும், ரெண்டு வாலும் உள்ளாற கெடக்கணும், வால் வெளிய இருந்துச்சுன்னா புரட்டுனதுக்கு அப்பால நாடா உள்ள மாட்டிக்கும், மறுபடி பிரிக்கணும். இப்ப சுத்தி அரை இன்ச்ல அடி, கீழ இருக்கற சின்ன ஓரத்துல மட்டும் நடுவுல 3 இன்ச் விட்டுடு. நாலு மூலையையும் தையல் அறுபடாம குறுக்க வெட்டு, அப்பதான் மூலை கூரா வரும். அந்த 3 இன்ச் வழியா புரட்டி, மூலைய பென்சில் பின்பக்கத்தால தள்ளி, இஸ்திரி போடு. இஸ்திரி போடாம அடுத்த வேலைக்குப் போகாத, நேர்த்தி அங்கதான் இருக்கு.

அப்பறம் கீழ் ஓரத்துல மேலால ஒரு தையல் விடு, விட்ட ஓட்டையும் மூடிக்கும், பாக்கெட் வாயும் அழுத்தமா நிக்கும். லைனிங் உள்ள போற மாதிரி 5 இன்ச் மடிச்சு, ஒரு பக்க மடிப்புல ஆரம்பிச்சு மேல மூடியச் சுத்தி அடுத்த பக்க மடிப்பு வரைக்கும் ஒரே தையலா கொண்டாந்துடு. கடைசியா பாக்கெட்ல மேல இருந்து கீழ ரெண்டு கோடு அடி, ரெண்டரை இன்ச் ஒண்ணு, ரெண்டரை இன்ச் ஒண்ணு, மிச்சம் 3 இன்ச் கைக்குட்டைக்கு. பாக்கெட் வாய்கிட்ட முன்னும் பின்னும் ரெண்டு வாட்டி ஓட்டு, கை போய் போய் வர்ற எடம், அங்கதான் மொத பிரியும். அடில தையல் இல்லாம மடிப்பா இருக்கறதால ஃபோர்க் முள்ளு குத்தி பிரிஞ்சுடுமோன்னு பயம் இல்ல, ஆனாலும் முள்ளு மேல பாக்க வைக்கச் சொல்லு. சுருட்டும்போது நாடா இல்லாத பக்கத்துல இருந்து சுருட்டணும்.

கேள்வி (ராயபுரம்): வீட்ல லுங்கித் துணி புதுசா கெடக்கு, அதுல தைக்கலாமா?

தாராளமா தைக்கலாம், மெல்லிசு, சீக்கிரம் காயும், கட்டம் போட்டு இருக்கறதால கோடு கிழிக்காமயே நேரா வெட்டிடலாம். ஆனா தைக்கறதுக்கு முன்னாடி ராத்திரி முழுக்க தண்ணில ஊற வெச்சு அலசி காய வெச்சுடு. காட்டன் மொத துவைப்புல நூத்துக்கு மூணு அஞ்சுன்னு சுருங்கும், 17 இன்ச்ல முக்கால் இன்ச்சுக்கு மேலயே போயிடலாம். வெளித்துணி சுருங்கி லைனிங் சுருங்காம நின்னா பை கோணிக்கும். சாயமும் பாரு, நனைஞ்ச துணிய வெள்ளைத் துணில வெச்சு தேய்ச்சா தெரிஞ்சுடும். நம்ம மெட்ராஸ் கட்டம் போட்ட துணி 1950கள் கடைசில அமெரிக்காவுக்குப் போனப்போ துவைக்க துவைக்க சாயம் போச்சு, அவங்க என்னடான்னா சாயம் போறதையே பெருமையா விளம்பரம் பண்ணி வித்துட்டாங்க! நமக்கு அது ஆகாது, சாயம் ஸ்பூன்ல ஏறும்.

கேள்வி (மணலி): உள்ளாற ரெயின்கோட் துணி வெச்சா ஈரம் வெளிய வராதுல்ல?

வெளிய வராது, உள்ளயேதான் இருக்கும், அதான் பிரச்சனை. கழுவுன ஸ்பூனை ஈரத்தோட சொருகி மூடி வெச்சா நம்ம ஊரு புழுக்கத்துக்கு சாயங்காலத்துக்குள்ள ஒரு நாத்தம் வரும் பாரு, ஐப்பசி கார்த்திகை மழைல கேக்கவே வேணாம், கருப்பு புள்ளி புள்ளியா பூஞ்சை புடிச்சுக்கும், அது போகாது. பாலியஸ்டர் புடவை, ஃபோம், ஸ்பாஞ்ச் இதெல்லாமும் உள்ளாற வேணாம். மெல்லிசு காட்டன் லைனிங்தான், ரெண்டு பை மாத்தி மாத்தி. ஸ்பூனைத் தொடச்சுட்டு வைக்கத்தான் அந்த 3 இன்ச் கைக்குட்டை பாக்கெட்டே வெச்சோம்.

கேள்வி (பெரம்பூர்): நாடா கட்ட பையனுக்கு வரல, வெல்க்ரோ வெக்கட்டுமா?

வெல்க்ரோ முரட்டு பக்கத்துல நூலும் முடியும் சோத்துப் பருக்கையும் ஒட்டிக்கும்பா, கொஞ்ச நாள்ல புடிக்கவும் புடிக்காது. பட்டையான எலாஸ்டிக் 5 இன்ச் வளையமா நாடா எடத்துலயே சொருகிடு, சுருட்டி மாட்டிட்டா முடிஞ்சுது, ஒண்ணாங்கிளாஸ் புள்ளையே மாட்டும்.

கேள்வி (காசிமேடு): டிச் பட்டன்?

கடற்கரையோரம் இருக்கீங்க, உப்புக்காத்துல இரும்பு பட்டன் துருப்பிடிச்சு துணில கறை எறங்கும். பிளாஸ்டிக்ல வாங்குங்க, இல்ல காஜா எடுத்து சாதா சட்டை பட்டன் வெச்சுடுங்க.

கேள்வி (புளியந்தோப்பு): எங்க தாத்தா பின்னி மில்லுல வேலை பாத்தவரு, அவரோட காக்கித் துணி ஒரு துண்டு வெச்சிருக்கோம். அதுல தைக்கப் பாத்தேன், ஊசி ஒடஞ்சுடுச்சு.

அந்தக் காக்கி கனமான ட்ரில் துணி கண்ணு, மடிச்ச எடத்துல நாலு அடுக்கு வருது, 14ஆம் நம்பர் ஊசி திணறும். 16 போடு, தையல் நீளத்த 3 மில்லிமீட்டருக்கு வை, அடுக்கு ஏறுற எடத்துல காலால மிதிக்காம கையால சக்கரத்த சுத்து. லைனிங் மல் துணி மாதிரி மெல்லிசா வெச்சா கனம் கொறையும். பழைய ஜீன்ஸுக்கும் இதேதான். ஆனா ஒண்ணு சொல்லட்டா, அந்தக் காக்கில முழுப் பை தைக்காத, தெனம் துவைச்சு தேய்க்கற சாமானுக்கு தாத்தா துணி எதுக்கு? பாக்கெட் மேல ஒரு சின்ன பட்டையா வை, மிச்சத்த பத்திரமா வெச்சுக்கோ.

கேள்வி (வியாசர்பாடி): அக்கா நான் காலேஜ் பையன், மிஷின் இல்ல, கையால தச்சா நிக்குமா?

நிக்கும் தம்பி. சுத்தி வர்ற தையல பின்தையலா போடு, அதாவது ஊசி முன்னாடி ஒரு தையல் தூரம் போயிட்டு பாதி பின்னாடி வந்து குத்தி மறுபடி முன்னாடி போகணும், வெறும் ஓட்டுத் தையல் போட்டா ஒரு எடத்துல அறுந்தா வரிசையா வந்துடும். பாலியஸ்டர் நூலு, ரெட்டையா கோத்துக்கோ. ஒரு சாயங்காலம் உக்காந்தா முடிஞ்சுடும்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): சாம்பார் சாதம் மஞ்சக் கறை போகவே மாட்டேங்குது. சோப்பு போட்டா செவப்பா வேற ஆவுது, பயமா இருக்கு.

பயப்படாத, மஞ்சள் சோப்புல இருக்கற காரத்துல பட்டா செவக்கும், அவ்ளோதான், நல்லா அலசினா மறுபடி மஞ்சளாயிடும். அந்த மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து, ஈரத்தோட நேர் வெயில்ல உள்பக்கம் வெளிய தெரிய பிரிச்சுப் போடு, நாலஞ்சு வெயில்ல மங்கிடும். ப்ளீச் ஊத்தினா உன் கலர் துணிதான் போகும். லைனிங்க்கு வெள்ளை எடுக்காம அழுத்தமான கலரா எடுத்துட்டா இந்தக் கவலையே கம்மி.

கேள்வி (எண்ணூர்): பிளாஸ்டிக் ஸ்பூன் யூஸ் பண்ணிட்டு தூக்கிப் போட்டா ஆச்சு, இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ வேலை?

பிளாஸ்டிக் ஸ்பூன் ஃபோர்க்கெல்லாம் 2022 ஜூலை 1ல இருந்து நாடு முழுக்க தடை சார். வீட்ல எவர்சில்வர் ஸ்பூன் இல்லாதவங்க யாரு?

கேள்வி (மாதவரம்): நாங்க நாலு பேரு சேந்து தச்சு விக்கலாம்னு இருக்கோம், துணி எங்க எடுக்கறது, என்ன விலை வெக்கறது?

நம்ம வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல கட் பீஸ் பாருங்க, மொத்தமா தான் வேணும்னா பாரிமுனை கோடவுன் தெரு, நாடா எலாஸ்டிக் பட்டனுக்கு சவுகார்பேட்டை. தீபாவளி நெருக்கத்துல போகாதீங்க, கால் வைக்க எடம் இருக்காது, விலையும் பேச முடியாது. வெலைக்கு துணி, நூல், நாடா மட்டும் கணக்கு போட்டு பொம்பளைங்க நம்ம கைக்கூலிய விட்டுடறோம், அத மொதல்ல எழுதுங்க. பத்து பைக்கு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு கடிகாரம் வெச்சுப் பாருங்க, அந்த நேரத்துல ஜாக்கெட் தச்சா எவ்ளோ கெடைக்கும்னு யோசிச்சு அதுக்குக் கொறையாம வைங்க. ஒவ்வொண்ணா வெட்டி தைக்காம, அட்டைல 9க்கு 17 அளவு வெட்டி வெச்சுட்டு நாலு மடிப்பா ஒரே வெட்டா வெட்டி, ஒருத்தர் சுத்தி அடிக்க, ஒருத்தர் புரட்டி இஸ்திரி போடன்னு பிரிச்சுக்கிட்டா வேகமா போகும். துணிய நனைச்சு காய வெக்கற வேலைய மட்டும் அவசரத்துல விட்டுடாதீங்க, மொத துவைப்புல பை கோணிச்சுன்னா வாங்கினவங்க ரெண்டாவது வாட்டி வரமாட்டாங்க.