கீழ்த்தளத்தில் படுப்பவருக்கு வாடகை வீடு: ‘ஏற்பாடு’ செய்பவரிடம் பணம் கொடுக்கலாமா?

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய புளோக்கின் (அடுக்குமாடிக் கட்டடம்) கீழ்த்தளத்தில், ஐம்பதைத் தாண்டிய தமிழர் ஒருவர் சில வாரங்களாக இரவில் அட்டையை விரித்துப் படுக்கிறார். விடிவதற்குள் அதை மடித்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். வாசகி தினமும் இரவுச் சாப்பாடு கொடுக்கிறார். அரசாங்கத்திடம் சொன்னால் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயப்படுகிறார். இதற்கிடையில், காப்பிக்கடையில் பழக்கமான ஒருவர், 500 வெள்ளியும் அந்த மனிதரின் அடையாள அட்டையும் கிடைத்தால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வாடகை வீடு ஒன்றை விரைவாக ‘ஏற்பாடு’ செய்து தருவதாகச் சொல்ல, அண்டைவீட்டார் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். கொடுக்கலாமா என்பது கேள்வி.

கொடுக்காதீர்கள் அம்மா, பணத்தையும் கொடுக்காதீர்கள், அடையாள அட்டையையும் கொடுக்காதீர்கள். வீவக வாடகை வீட்டுக்குத் தரகர் என்று ஒருவர் கிடையாது. விண்ணப்பிப்பவர் நேரடியாகக் கழகத்திடம் விண்ணப்பிக்கிறார். அவருடைய வருமானம், குடும்ப நிலை, இதற்கு முன் வீடு வாங்கி விற்ற விவரம் ஆகியவற்றைப் பார்த்துக் கழகம் முடிவு செய்கிறது. மிகக் குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு ஓரறை வீட்டின் வாடகை மாதம் 26 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது. அந்த வீட்டுக்கு 500 வெள்ளி ‘ஏற்பாட்டுக் கட்டணம்’ கேட்பவர், ஒன்றும் செய்யாமல் மறைந்துவிடுவார்; இல்லாவிட்டால், வேறொரு வாடகைதாரரின் வீட்டில் ஒரு படுக்கையைச் சட்டவிரோதமாக உள்வாடகைக்கு எடுத்துக் கொடுப்பார். இரண்டாவது வழியில் போனால், சோதனை நடக்கும் நாளில் உங்கள் மனிதர் மீண்டும் தெருவுக்கு வருவார், அவரோடு வீட்டுக்கு உரிய வாடகைதாரரும் வருவார்.

பணத்தைவிட அடையாள அட்டையைக் கேட்டதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. வீடில்லாதவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய சிங்பாஸ் கணக்கையும் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்) வங்கிக் கணக்கையும் சில நூறு வெள்ளிக்கு வாங்கி, மோசடிப் பணத்தை அவற்றின் வழியாகக் கைமாற்றும் கும்பல்கள் இருக்கின்றன. பசியில் இருப்பவருக்கு அந்தச் சில நூறு வெள்ளி பெரிய தொகை. குற்றத்துக்குப் பயன்படும் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தும் சிங்பாஸ் விவரங்களைக் கொடுப்பது இப்போது தனிக் குற்றம். மூன்றாண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கும்பல் தப்பிவிடும், கணக்குக்குச் சொந்தக்காரர்தான் முதலில் மாட்டுவார், வங்கிக் கணக்கும் முடக்கப்படும். அடையாள அட்டை தொலைந்தாலோ, புதியது எடுக்க முதல் முறை 100 வெள்ளி, அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 300 வெள்ளி. ஆகவே, அட்டை அவர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். படம் எடுத்து அனுப்புவதும் வேண்டாம், ‘ஓடிபி’ எண்ணைச் சொல்வதும் வேண்டாம்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். வெளியில் உறங்குவது மட்டுமே இங்கு குற்றமாகாது. 2022ஆம் ஆண்டில் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு ஒரே இரவில் தீவு முழுவதும் எண்ணியபோது, வெளியில் உறங்கியவர்கள் 530 பேர். அவர்களை அணுகுவதற்கென்றே அமைச்சும் தொண்டர் குழுக்களும் சமய அமைப்புகளும் சேர்ந்து ‘பியர்ஸ்’ என்னும் கட்டமைப்பில் 2019 முதல் இயங்கி வருகின்றன. அதன் வழியாகத் தேவாலயங்கள் போன்ற இடங்களில் பாதுகாப்பான இரவுத் தங்குமிடங்கள் திறக்கப்பட்டுள்ளன. ஆகவே, 1800-222-0000 என்ற காம்கேர் (அரசாங்க உதவித் திட்டம்) எண்ணைக் கூப்பிட்டு, புளோக் எண்ணையும் அவர் எத்தனை மணிக்கு வருகிறார் என்பதையும் சொல்லுங்கள். ஆனால், அதற்கு முன் அவரிடமே கேட்டுவிடுங்கள். முன்பின் தெரியாதவர்கள் இரவில் திடீரென்று வந்து நின்றால் பலர் இடத்தை மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள்; பிறகு உங்களாலும் கண்டுபிடிக்க முடியாது.

அவர் வேலைக்குப் போகிறார் என்பதால் ‘வேலை இருப்பவருக்கு எதற்கு உதவி’ என்று அண்டைவீட்டார் சொல்லக்கூடும். 2019இல் லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளி வெளியில் உறங்குபவர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், பேட்டி காணப்பட்டவர்களில் பத்துக்கு ஆறு பேர் வேலையில் இருந்தவர்கள். பெரும்பாலும் துப்புரவு, பாதுகாவல் போன்ற குறைந்த சம்பள வேலைகள். சிலருக்குத் தம் பெயரில் வீடு இருந்தும், கூட இருப்பவரோடு ஒத்துப்போகாமல் வெளியே படுத்தார்கள். தனியாட்கள் இருவர் பகிர்ந்து வாழும் வாடகை வீட்டுக்கு, முன்பின் அறியாத ஒருவரைத் தாமே வீட்டுத் துணையாகத் தேடிப் பிடித்து விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதி எத்தனை சண்டைகளை வளர்த்தது என்பது இத்துறையில் இருக்கும் எங்களுக்குத் தெரியும். 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தில், சமூக அமைப்பு ஒன்று பொருத்தமான துணையைத் தேடித் தருகிறது, தனியாகவே விண்ணப்பிக்கலாம். உங்கள் மனிதர் 35 வயதைக் கடந்த ஒற்றையராக இருந்தால், சமூக சேவை அலுவலகத்தில் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

ஆனால் அவர் சிங்கப்பூரர்தானா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. நீங்கள் ‘அடையாள அட்டை’ என்று எழுதியது வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதி அட்டையாகவும் இருக்கலாம். அப்படியானால் மேலே சொன்ன வாடகை வீட்டு வழிகள் அவருக்குப் பொருந்தாது; அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை அனுமதியில் இருப்பவருக்குத் தங்குமிடம், பராமரிப்பு, மருத்துவச் செலவு ஆகியவை முதலாளியின் சட்டப் பொறுப்பு. அவர் கீழ்த்தளத்தில் படுக்கிறார் என்றால், முதலாளி தங்குமிடத்தைவிட்டு வெளியேற்றியிருக்கலாம், அல்லது வேலையிடத்தில் அடிபட்டு, ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து வெளியேறியிருக்கலாம். வேலைக் காயத்துக்கான இழப்பீட்டு விண்ணப்பத்தை விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். வேலை அனுமதி ரத்தாகிவிட்டது என்பதற்காக அந்த உரிமை போய்விடாது. இந்த இடத்தில்தான் முகவர்கள் நுழைவார்கள்: ‘கேஸ் போடாதே, ஊருக்குப் போ, பணம் பின்னால் வரும்’ என்பார் ஒருவர், ‘2,000 வெள்ளி கொடு, வேறு கம்பெனியில் பெர்மிட் போட்டுத் தருகிறேன்’ என்பார் இன்னொருவர், வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குபவர்களும் உண்டு. எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்று தமிழில் அவரிடம் சொல்லுங்கள். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 என்ற எண் நாள் முழுவதும் இயங்குகிறது. பகலில் மனிதவள அமைச்சையும் அணுகலாம்.

அவர் சிங்கப்பூரர் என்றே வைத்துக்கொண்டு, நீங்கள் கையால் செய்யக்கூடிய உதவியைச் சொல்கிறேன். அவரோடு கூடப் போங்கள். பகல் முழுவதும் வேலை செய்யும் மனிதர், பகலில் மட்டும் திறந்திருக்கும் அலுவலக முகப்புக்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. போனால், மனைவி பிரிந்த கதையையும் வீடு போன கதையையும் ஓர் அதிகாரியிடம் சொல்லி, அடுத்த அலுவலகத்தில் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். வீடில்லாதவருக்கு வீடு பற்றிய கடிதத்தைப் பழைய முகவரிக்கே அனுப்பும் நிர்வாகத்தைக் கண்டு எனக்குப் பொறுமை போய்விடுகிறது. விவரங்களை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி, தேதியோடு அவர் கையில் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு முகப்பிலும் அதையே நீட்டலாம். எந்த அதிகாரியிடம் பேசினார், எப்போது திரும்பி வரச் சொன்னார் என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்ளட்டும்.

அவருடைய கைப்பேசி அணையாமல் இருப்பதும் அதே அளவு முக்கியம். தங்குமிடத்தில் இடம் கிடைத்துக் கூப்பிடும்போது எடுக்காவிட்டால், வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடலாம். வீட்டில் மின்னூட்டிக் கொடுங்கள், பிரீபெய்ட் அட்டைக்குப் பத்து வெள்ளி நிரப்பிக் கொடுங்கள். ஐந்து வீட்டிலிருந்து ஐந்து பொட்டலம் சோறு போவதைவிட இது பயன் தரும். சாப்பாடு கொடுப்பதானால், சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் உண்ணும்படி கொடுங்கள். பெட்டியில் சமைத்த நேரத்தை எழுதிவிடுங்கள்.

சேர்த்த பணத்தை அண்டைவீட்டாரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீடற்றோருக்காகவே கொடுக்க விரும்புகிறவர்கள், அறநிறுவனத்தின் பெயர் அரசாங்கத்தின் அறநிறுவன இணையவாசலில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, அந்த நிறுவனத்தின் கணக்குக்கே அனுப்பட்டும். தனிமனிதரின் பேநவ் பணமாற்று எண்ணுக்கு அனுப்ப வேண்டாம். காப்பிக்கடையில் பழக்கமான அந்த மனிதர் ஏற்கெனவே அடையாள அட்டையைப் படமெடுத்துவிட்டார் என்றால், இன்றைக்கே சிங்பாஸ் மறைச்சொல்லை மாற்றச் செய்யுங்கள், வங்கியிடம் சொல்லச் சொல்லுங்கள், 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்து மேற்கொண்டு என்ன செய்வது என்று கேளுங்கள். அட்டையையே வாங்கிக்கொண்டு போயிருந்தால், அவரை அக்கம்பக்கப் போலிஸ் நிலையத்துக்கு அழைத்துப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வாருங்கள்.